கிளெய்ம் பணத்தைக் குறைத்தால் எதிர்த்துக் கேட்பது எப்படி: என் தையல் யூனிட்டின் கணக்கு

மிக்ஜாம் புயல் மழையில், 2023 டிசம்பர் 4-ஆம் தேதி, சென்னை மடிப்பாக்கத்தில் என் தையல் யூனிட்டுக்குள் மூன்றடிக்கு மேல் தண்ணீர் ஏறியது. பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். 11 மெஷின், ஒரு கட்டிங் டேபிள், சுவரோரம் ரேக்குகளில் ராஜஸ்தானின் பில்வாராவிலிருந்து வரவழைத்த துணி. தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியபோது, கீழ்த்தட்டுகளில் அடுக்கியிருந்த 62 துணித் தானும் சாக்கடைத் தண்ணீரில் ஊறிப் பருத்துக் கிடந்தன. ஒரு தானைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. எங்கள் கட்டிங் மாஸ்டர் ஒன்றைப் பிரித்து உதறினார். நேவி ப்ளூ பேன்ட் துணி. மடிப்புக்கு மடிப்பு வண்டல் கோடு போட்டிருந்தது. "அக்கா, இது இனிமேல் துணி இல்லை" என்றார்.

யூனிட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. வங்கிக் கடன் வாங்கும்போது எடுத்த, குறுந்தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி. துணிக்கு 4,60,000, தைத்து முடித்த 440 உருப்படிக்கு 1,10,000, மெஷின்களுக்கு 1,90,000, ஆக 7,60,000 ரூபாய்க்குக் கிளெய்ம் போட்டேன். பிப்ரவரியில் மெயில் வந்தது: எக்சஸ் (ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய பங்கு) கழிப்பதற்கு முன் 3,70,100 ரூபாய் என்று முடிவு செய்திருக்கிறோம், இணைத்திருக்கும் வவுச்சரில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பாதிகூட இல்லை.

கடைசியில், எக்சஸ் கழிப்பதற்கு முன், எனக்கு முடிவானது 6,22,000. வக்கீல் வைக்கவில்லை. ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் எது வேலைக்கு ஆனது, எது ஆகவில்லை என்று இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கோ கடைக்கோ இப்படி ஒரு மெயில் வந்திருந்தால் உதவும்.

கணக்குத் தாள் கையில் வராமல் பேச வேண்டாம்

மெயிலைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம் தப்பு. கிளெய்ம் ஆபீசுக்குப் போன் போட்டு, "இவ்வளவு நஷ்டம் சார், இது எப்படிப் போதும்?" என்று அழாத குறையாகக் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அவரால் என்ன செய்ய முடியும்? "சர்வேயர் ரிப்போர்ட்படிதான் மேடம்" என்றார். சர்வேயர் என்பவர் நிறுவனத்துக்காக வந்து நஷ்டத்தை மதிப்பிட்டவர். இப்படி மூன்று நாள் போன் பேசியதில் ஒன்றும் நகரவில்லை.

எனக்கு வழி காட்டியவர் எங்கள் ஆடிட்டர். "தொகை கம்மி என்று சொல்லாதீர்கள். எந்தக் கழிவு தப்பு என்று சொல்லுங்கள்" என்றார். இதற்கு மேல் நான் எழுதப்போவது எல்லாம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்ததுதான். குறைந்த தொகை என்பது யாரோ ஒருவர் மனசுக்குத் தோன்றிப் போட்ட எண் கிடையாது. நீங்கள் கேட்ட தொகையில் ஆரம்பித்து, அடுக்கடுக்காக ஏதோ ஒன்றைக் கழித்துக்கொண்டே வந்து அங்கே நிற்கிறார்கள். ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு காரணம் எழுதியிருக்கும். அந்தக் காரணத்தைக் காகிதத்தால் உடைத்தால் அந்தக் கழிவு மட்டும் விழும். மொத்தத் தொகையோடு சண்டை போட்டால் எதுவும் விழாது.

ஆகவே முதல் மெயில் இரண்டே வரியில் இருக்கட்டும். சர்வேயரின் இறுதி அறிக்கை, கணக்குப் போட்ட இணைப்புத் தாள்களோடு வேண்டும். என் பாலிசியின் முழு வாசகமும் ஷெட்யூலும் (எதற்கு எவ்வளவு தொகை என்ற விவரத் தாள்) வேண்டும். போன் வேண்டாம், மெயில்தான். தேதி பதிவாகும். பாலிசி எடுக்கும்போது நம் கையில் தருவது பெரும்பாலும் இரண்டு பக்க ஷெட்யூல்தான். நிபந்தனைகள் இருப்பது முழு வாசகத்தில். இன்சூரன்ஸ் கம்பெனி பொதுத்துறை நிறுவனமாக இருந்து, அறிக்கை தராமல் இழுத்தடித்தால், 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. இரண்டாவது நினைவூட்டலிலேயே அறிக்கை வந்துவிட்டது.

என் தாளில் என்ன இருந்தது

துணி 4,60,000. அதில் "பழைய, நகராத சரக்கு" என்று 10 சதவீதம், அதாவது 46,000 கழிவு. மீதி 4,14,000. அதோடு தைத்த உருப்படிகள் 1,10,000 சேர்த்து 5,24,000. இதில் சால்வேஜ், அதாவது நனைந்த சரக்கை விற்றால் கிடைக்கும் என்று அவர் வைத்த மதிப்பு, 30 சதவீதம்: 1,57,200 கழிவு. மீதி 3,66,800. அதன்மேல் அண்டர் இன்சூரன்ஸ் என்று கால் பங்கு கழிவு. மீதி 2,75,100. மெஷின்கள் 1,90,000-இல் தேய்மானம் 50 சதவீதம் போக 95,000. இரண்டையும் கூட்டினால் 3,70,100.

நான்கு கழிவு. ஒரு நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்கி, பக்கத்துக்கு ஒன்றாகத் தலைப்பு எழுதினேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தூங்கினேன்.

பழைய சரக்குக் கழிவை நான் எதிர்க்கவே இல்லை. 62 தானில் ஆறு தான், யூனிபார்ம் நிறத்தை மாற்றிவிட்ட ஒரு பள்ளிக்காக வாங்கியது. இரண்டு வருஷமாக அசையாமல் கிடந்தது. சர்வேயர் சொன்னது சரி, அதைக் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டு எழுதினேன். நியாயமான கழிவை ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்கிறவர் மற்ற மூன்றும் தப்பு என்று எழுதும்போது படிக்கிறவர் நின்று படிப்பார்.

அண்டர் இன்சூரன்ஸ்: பணம் அதிகம் போகும் இடம்

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடை, குடோன், பட்டறை வைத்திருப்பவர்கள் அடி வாங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

நான் சரக்குக்கு எடுத்த பாலிசித் தொகை 12 லட்சம். வெள்ளம் வந்த அன்று என் சரக்கின் மதிப்பு 16 லட்சம் என்று சர்வேயர் கணக்குப் போட்டார். 16-க்கு எடுக்க வேண்டிய இடத்தில் 12-க்குத்தான் எடுத்திருக்கிறாய், முக்கால் பங்குதான் இன்சூர் செய்திருக்கிறாய், ஆகவே எந்த நஷ்டத்திலும் முக்கால் பங்குதான் கிடைக்கும். இதுதான் விதி. ஆவரேஜ் என்றும் சொல்வார்கள். நஷ்டம் 12 லட்சத்துக்குள்ளேதானே இருக்கிறது, முழுசாகக் கொடுத்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். அந்த வாதம் எடுபடாது. விதி உண்மையிலேயே இருக்கிறது.

பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, அந்த 16 லட்சம் எங்கிருந்து வந்தது? இரண்டு, உங்கள் பாலிசியில் அண்டர் இன்சூரன்சுக்குச் சலுகை இருக்கிறதா?

முதல் கேள்விக்குப் பதில் அறிக்கையின் இணைப்பில் இருந்தது. ஏப்ரல் தொடக்க இருப்பு, அதோடு கொள்முதல், அதிலிருந்து லாபம் நீக்கிய விற்பனையைக் கழித்து வந்த எண். எங்கள் ஆடிட்டர் கொடுத்த கணக்கிலிருந்தே எடுத்தது. புத்தகப்படி 16 லட்சம் சரியான எண்தான். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பிடிபட்டது: அந்த 16 லட்சமும் மடிப்பாக்கத்தில் இருக்கவில்லை.

நவம்பரில் மூன்று தடவை, தடவைக்கு 80,000 ரூபாய்த் துணியை வெட்டி, பல்லாவரத்தில் ஒருவரிடம் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குத் தைக்க, அனுப்பியிருந்தேன். மொத்தம் 2,40,000. புத்தகத்தில் அது என் சரக்குதான். ஆனால் வெள்ளம் வந்த அன்று அது பல்லாவரத்தில் ஒரு மாடியில் காய்ந்துகொண்டு பத்திரமாக இருந்தது. என் பாலிசி மடிப்பாக்கம் முகவரிக்கு மட்டும். அந்த முகவரியில் இருந்த சரக்கின் மதிப்போடுதான் 12 லட்சத்தை ஒப்பிட வேண்டும்.

சரக்கை வெளியே அனுப்பும்போது எழுதும் டெலிவரி சலான் புத்தகத்தைத் தேடினேன். அதுவும் நனைந்திருந்தது. நல்லவேளை, ஆபீஸ் மேஜையின் மேல் இழுப்பறையில் இருந்ததால் ஓரம் மட்டும்தான். கார்பன் காப்பியில் நீலம் கசிந்திருந்தாலும் தேதி, மீட்டர் அளவு, வாங்கிக்கொண்டவர் கையெழுத்து மூன்றும் தெரிந்தன. மின்விசிறிக்குக் கீழே பக்கம் பக்கமாகக் காயவைத்துப் போட்டோ எடுத்தேன். பல்லாவரத்துக்காரர் தன் வரவு ரெஜிஸ்டரின் பக்கத்தை நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என் சலான் எண்ணும் அவர் பதிவு எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

16 லட்சத்திலிருந்து 2,40,000 போனால் 13,60,000. அதில் 12 லட்சம் என்பது 88 சதவீதம். குறைவு 12 சதவீதத்துக்கும் உள்ளே. இப்போது இரண்டாவது கேள்வி. பாரத் சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரையிலான அண்டர் இன்சூரன்ஸைக் கண்டுகொள்ளக் கூடாது என்று வாசகத்திலேயே இருக்கிறது. ஆகவே கால் பங்குக் கழிவு மொத்தமும் போய்விட வேண்டும். மூன்று சலான், ஒரு ரெஜிஸ்டர் பக்கம். அவ்வளவுதான் இதற்கு ஆதாரம்.

உங்கள் கணக்கில் வேறு ஏதாவது இருக்கலாம். வெள்ளத்துக்கு முன்பே டெலிவரி ஆகி, பில் மட்டும் பிறகு போட்ட சரக்கு. வழியில் லாரியில் இருந்த சரக்கு. மற்றவர் தைக்கக் கொடுத்த, உங்களுடையதே அல்லாத துணி. சர்வேயர் போட்ட மொத்த மதிப்பில் இவை சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வீட்டுக்குப் பாலிசி எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசியில் அண்டர் இன்சூரன்ஸ் கழிவே கிடையாது. ஐந்து சதவீதம் கூடக் கழிக்கக் கூடாது. உங்கள் வீட்டுக் கிளெய்மில் ஆவரேஜ் என்று ஒரு வரி இருந்தால், அந்த ஒரு வரியை வைத்தே எழுதலாம். கட்டடத்துக்கு எடுத்திருந்தால், வீட்டுச் சாமான்களுக்குத் தனியாகப் பட்டியல் கொடுக்காவிட்டாலும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை பாதுகாப்பு தானாகவே உண்டு. ஃப்ரிட்ஜும் பீரோவும் பாலிசியில் இல்லை என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். இடிபாட்டை அகற்றும் செலவுக்கும், இன்ஜினீயர் கட்டணத்துக்கும் கூட அதில் இடம் இருக்கிறது.

சால்வேஜ், தேய்மானம்

நனைந்த சரக்கு 30 சதவீத விலைக்குப் போகும் என்று சர்வேயர் எழுதியது அனுபவக் கணக்கு. அவர் ஆயிரம் கிளெய்ம் பார்த்திருப்பார். மழைத்தண்ணீரில் நனைந்த துணி என்றால் துவைத்து, இஸ்திரி போட்டு 30-க்குத் தள்ளலாம், ஒப்புக்கொள்கிறேன். இது சாக்கடை கலந்த தண்ணீர். நான்காம் நாளே பூஞ்சை பூத்துவிட்டது. தைத்த உருப்படிகளின் பாக்கெட்டில் பள்ளிச் சின்னம் எம்பிராய்டரி செய்திருந்தது. அதை வேறு யார் வாங்குவார்கள்?

பழைய துணி எடுக்கும் மூன்று வியாபாரிகளை வரவழைத்தேன். ஒர்க் ஷாப்பில் எண்ணெய் துடைக்கும் துணியாக, கிலோ கணக்கில்தான் எடுப்போம் என்றார்கள். மொத்தம் 1,300 கிலோ வந்தது. அதிகமாகக் கேட்டவர் கிலோவுக்கு 40 ரூபாய். ஆக 52,000. மூன்று பேரிடமும் லெட்டர்ஹெட்டில் விலை எழுதி வாங்கினேன். கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "1,57,200 ரூபாய் கிடைக்கும் என்று நிறுவனம் கருதினால், அந்த விலைக்கு நிறுவனமே சரக்கை எடுத்துக்கொள்ளட்டும், யூனிட் சாவியோடு காத்திருக்கிறேன்." இந்த வரிக்கு நல்ல பலம் உண்டு. அதற்காக, அவர்கள் எழுத்தில் சம்மதிக்கும் வரை நனைந்த சரக்கை விற்கவோ எறியவோ கூடாது. நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மொட்டை மாடிக்கு ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினேன்.

மெஷின் தேய்மானத்துக்குப் பதில் ஷெட்யூலிலேயே இருந்தது. மெஷின்களுக்கு நேராக ரீஇன்ஸ்டேட்மென்ட் வேல்யூ என்று அச்சாகியிருந்தது. அதாவது பழசுக்குப் பதில் அதே தரத்தில் புதுசு வாங்க ஆகும் விலை. இதில் தேய்மானம் வரக் கூடாது. ஆனால் ஒரு நிபந்தனை: உண்மையிலேயே வாங்கியிருக்க வேண்டும், ரிப்பேர் செய்திருக்க வேண்டும். பணம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்றால் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். என் பாலிசியில் அதற்கு 12 மாத அவகாசம். உங்கள் ஷெட்யூலில் மார்க்கெட் வேல்யூ என்று இருந்தால் தேய்மானம் உண்டு. அப்போது சதவீதம் எவ்வளவு என்பதில்தான் பேச முடியும்.

ஏழு மெஷினை ரிப்பேர் செய்தேன். சர்வோ மோட்டாரும் கன்ட்ரோல் பாக்ஸும் போயிருந்தன, தலைப்பாகம் தப்பித்தது. 64,000 ஆனது. நான்கு ஓவர்லாக் மெஷின் தேறாது என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். புதிதாக நான்கு, ஒன்று 24,500 வீதம் 98,000. பழைய நான்கும் இரும்புக்குப் போன விலை 12,000 கழித்தால், மொத்தம் 1,50,000. நான் முதலில் கேட்ட 1,90,000 மதிப்பீடு. பில் வந்தபோது 1,50,000 என்றே திருத்திக் கேட்டேன்.

என் கையை விட்டுப்போன ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தில் அழிந்த சரக்குக்கு நாம் எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவை (வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுத்துக்கொள்ளும் கிரெடிட்) திருப்பிக் கட்ட வேண்டும். சிஜிஎஸ்டி சட்டம் 17(5)(எச்) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அப்படிக் கட்டிய வரியும் நமக்கு நஷ்டம்தான். சர்வேயர்கள், "வரியைத்தான் திரும்ப எடுத்துக்கொள்வீர்களே" என்று அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திருப்பிக் கட்டியதற்கான ரிட்டர்னையும் ஆடிட்டர் சான்றையும் வைத்து ஆரம்பத்திலேயே கேளுங்கள். எனக்கு அது தெரிய வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வவுச்சரில் கையெழுத்து

இந்த இடத்தில்தான் பலர் பயந்து நின்றுவிடுகிறார்கள். "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்" என்று அச்சடித்த வவுச்சரில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது, போடாவிட்டால் ஒரு ரூபாயும் வராது என்ற நினைப்பு. எனக்குப் பொங்கலுக்குள் ஆறு தையல்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது, கடன் வாங்கித்தான் கொடுத்தேன். வவுச்சர் வந்தபோது கை அரித்தது உண்மை.

2015 செப்டம்பர் 24-ஆம் தேதி, இன்சூரன்ஸ் நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வவுச்சரில் கையெழுத்துப் போட்டதை வைத்து, பாலிசிதாரர் கூடுதல் தொகை கேட்கும் உரிமையைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, 1999-இல், வற்புறுத்தலிலோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து வழக்கைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வற்புறுத்தினார்கள் என்று நிரூபிக்கும் வேலை நம் தலையில் விழும். ஆகவே முதலிலேயே காப்பாற்றிக்கொள்வது நல்லது. அச்சடித்த வாசகத்தின் கீழே என் கையெழுத்திலேயே எழுதினேன்: "ஆட்சேபத்துடன், பகுதித் தொகையாக மட்டும் பெறுகிறேன். மீதித் தொகைக்கான என் உரிமை நிலுவையில் உள்ளது." போட்டோ எடுத்து, அதே வாசகத்தை மெயிலிலும் அனுப்பிய பிறகே வவுச்சரைக் கொடுத்தேன். பத்து நாளில் பணம் வந்தது.

வங்கிக் கடன் இருக்கும் பாலிசியில் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போய்விடும், நம் கைக்கு வராது. மெஷின் வாங்கப் பணம் வேண்டும் என்று வங்கி மேலாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் அதை முன்பே செய்து வைத்திருந்தேன்.

குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடிதம்

ஒவ்வொரு இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கிரீவன்ஸ் ஆபீசர் என்று ஒருவர் உண்டு. பெயரும் மெயில் முகவரியும் பாலிசியின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். என் கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். வெள்ளத்தின் கொடுமை, என் கஷ்டம் எதையும் எழுதவில்லை. இப்படி இருந்தது ஒரு பத்தி:

"கழிவு 3, அண்டர் இன்சூரன்ஸ் 25 சதவீதம்: அறிக்கையின் இணைப்பில் சரக்கு மதிப்பு 16,00,000 என உள்ளது. இதில் 2,40,000 மதிப்புள்ள துணி நவம்பர் மாதமே ஜாப் ஒர்க்குக்கு அனுப்பப்பட்டு, சம்பவ நாளில் பாலிசி முகவரியில் இல்லை. ஆதாரம்: சலான்கள் மூன்று, ஜாப் ஒர்க் செய்தவரின் ரெஜிஸ்டர் நகல். சரியான மதிப்பு 13,60,000. குறைவு 15 சதவீதத்துக்குள் இருப்பதால் பாலிசி நிபந்தனைப்படி இக்கழிவு நீக்கப்பட வேண்டும்."

மற்ற இரண்டு கழிவுக்கும் இதே மாதிரி ஒரு பத்தி. கடைசியில் நான் ஒப்புக்கொள்ளும் கழிவு, திருத்திய கணக்கு, எனக்கு வர வேண்டிய தொகை. அதே நாள் ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதிந்தேன். 155255 என்ற எண்ணில் கூப்பிட்டும் பதியலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, நிறுவனத்துக்கே அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனாலும் பதிவு எண் ஒன்று கிடைக்கும், கோப்பு தூங்காது.

சர்வேயர் அறிக்கைதான் கடைசி வார்த்தை என்று உங்களிடமும் சொல்வார்கள். 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சர்வேயர் அறிக்கை முக்கியமானது, ஆனால் மாற்றவே முடியாத இறுதி வார்த்தை ஆகாது என்று சொல்லிவிட்டது. அதை ஒரே வரியில் குறிப்பிட்டால் போதும். உங்கள் காகிதம்தான் பேச வேண்டும்.

பதிலில் சால்வேஜையும் மெஷினையும் நான் கேட்டபடியே திருத்தினார்கள். அண்டர் இன்சூரன்ஸில் மட்டும் அசையவில்லை. புத்தகக் கணக்குதான் செல்லும் என்றார்கள். 5,24,000-இல் 52,000 போக 4,72,000, அதில் முக்கால் பங்கு 3,54,000, மெஷின் 1,50,000. ஆக 5,04,000. இன்னும் 1,18,000 பாக்கி.

விட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான்கு ஓவர்லாக் மெஷின் விலைக்கு மேல் அது. விடவில்லை.

ஆம்புட்ஸ்மேன்

இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்பவர் பாலிசிதாரர்களின் புகாரை விசாரித்து உத்தரவு போடும் அதிகாரி. அவரிடம் போகக் கட்டணம் கிடையாது, வக்கீல் வரக் கூடாது. தனிநபர் பாலிசிகளோடு, ஒற்றை உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில் நிறுவனங்களும் போகலாம். இதைத் தெரியாமல் சிறு கடைக்காரர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். 50 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரம் எடுத்துக்கொள்வார்கள். முன்பு 30 லட்சமாக இருந்தது, 2023-இல் உயர்த்தினார்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுதியிருக்க வேண்டும். அவர்கள் மறுத்திருக்க வேண்டும், அல்லது ஒரு மாதம் பதிலே தராமல் இருந்திருக்க வேண்டும். மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். அதே விஷயம் கோர்ட்டிலோ நுகர்வோர் ஆணையத்திலோ நடந்துகொண்டிருந்தால் எடுக்க மாட்டார்கள்.

சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை அண்ணா சாலையில், பாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதும், புதுச்சேரியும் காரைக்காலும் அதன் கீழ் வரும். ஆன்லைனிலும் புகார் போடலாம். மே மாதம் போட்டேன். ஒரு சம்மதப் படிவம் அனுப்பினார்கள், பூர்த்தி செய்து அனுப்பினேன். ஆகஸ்டில் விசாரணைக்கு நாள் கொடுத்தார்கள்.

அசல் சலான் புத்தகத்தை ஒரு பாலித்தீன் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. நான் மூன்று கழிவைப் பற்றியும் பேச ஆரம்பித்தபோது, தீர்ந்ததை விடுங்கள், பாக்கியை மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். நீங்கள் போகும்போது ஒரே ஒரு தாளில் மொத்தக் கணக்கையும் எழுதிக்கொண்டு போவது நல்லது. நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்ததில் நேரம் போனது. நிறுவனத்தின் சார்பில் வந்தவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்த 2,40,000 ரூபாய்ச் சரக்கு அன்று பாலிசி முகவரியில் இருந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா? அவர் கோப்பைப் பார்த்தார். புத்தகக் கணக்கைத் தவிர வேறு இல்லை என்றார். என் சலான் பையைத் திறந்து கொடுத்தேன். காய்ந்த காகிதம் என்றாலும் வண்டல் வாசனை இன்னும் போகவில்லை.

செப்டம்பரில் உத்தரவு வந்தது, 1,18,000-ஐக் கொடுக்கச் சொல்லி. உத்தரவு கையில் கிடைத்து 30 நாளுக்குள் நிறுவனம் நிறைவேற்ற வேண்டும். அது நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அதோடு முடிந்தது என்று இல்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்கு நான் போகவில்லை, ஆகவே சுருக்கமாக: காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எந்த ஆணையம் என்பது நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்து. நம்மைப் போன்றவர்களுக்கு மாவட்ட ஆணையம்தான், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே. பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வியாபாரிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று யாராவது மிரட்டினால், 2023-இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், நஷ்டத்தை ஈடுகட்ட எடுக்கும் இன்சூரன்ஸ் லாப நோக்கத்துக்கு எடுப்பதாகாது என்று சொல்லியிருக்கிறது.

காலக்கெடு விஷயத்தில், நான் கிளெய்ம் போட்ட பிறகு ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2024 ஜூனில் வந்த ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வாங்க வேண்டும், அடுத்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தாமதம் ஆனால் அந்தத் தேதிகளைக் கடிதத்தில் வரிசையாக எழுதுங்கள்.

பாலிசியைப் புதுப்பிக்கும்போது சரக்குத் தொகையை 16 லட்சமாக ஏற்றினேன். பல்லாவரம் முகவரியையும் சேர்க்கச் சொன்னேன். சலான் புத்தகமும் கொள்முதல் பில்லும் இப்போது மேல் தட்டில், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன. மாதக் கடைசி நாளில் கட்டிங் மாஸ்டர் ரேக் ரேக்காகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறார்.